மனைவியின் பாதுகாப்புக்கு சின்ன கைத்துப்பாக்கி வாங்கலாமா? சட்டம் என்ன சொல்கிறது, ஆய்வுகள் என்ன சொல்கின்றன? முழு விளக்கம்

கணவர் கப்பலில். அடுத்த விடுமுறைக்கு இன்னும் ஆறு மாதம். வீட்டில் மனைவியும் குழந்தைகளும் மட்டும். தூத்துக்குடியில் இது ஏதோ ஒரு வீட்டுக் கதை கிடையாது. சரக்குக் கப்பல் மாலுமிகள், ஆழ்கடல் மீனவர்கள், வளைகுடா நாடுகளில் வேலை பார்ப்பவர்கள் என்று ஆண்கள் மாதக்கணக்கில் வெளியே இருக்கும் வீடுகள் வேம்பார் முதல் மணப்பாடு வரை முத்துக்குளித்துறை கரை முழுக்க உண்டு. விடியும் முன்பே உப்பளத்துக்கு நடந்து போகும் பெண்களும் இங்கே அதிகம்.

இப்படிப்பட்ட வீடுகளில் இப்போது ஒரு புதுக் கேள்வி கிளம்புகிறது. "அமெரிக்காவுல பொம்பளைங்க கைப்பையில சின்னதா ஒரு துப்பாக்கி வச்சிருக்காங்களே, நம்ம வீட்டுக்கும் அப்படி ஒண்ணு வாங்கிடலாமா?" யூடியூபிலும் இன்ஸ்டாகிராம் ரீல்ஸிலும் வரும் வீடியோக்கள்தான் இதற்குக் காரணம். மனைவிக்கு எந்த மாடல் பொருந்தும், எது கைக்கு அடக்கம், எது பையில் தெரியாது என்று ஆங்கிலத்தில் ஆயிரக்கணக்கான வீடியோக்கள் கிடைக்கின்றன.

இந்தியாவில் இது சாத்தியமா? சாத்தியம் என்றால் யார் வாங்க வேண்டும், என்ன வாங்க முடியும்? முக்கியமாக, அது அந்தப் பெண்ணுக்கு உண்மையிலேயே பாதுகாப்பா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சுருக்கமாக:

• துப்பாக்கி வைத்திருப்பது இந்தியாவில் அடிப்படை உரிமை கிடையாது. அரசு தரும் உரிமம்தான் எல்லாம்.
• உரிமம் ஒரு நபரின் பெயரில். கணவர் பெயரில் வாங்கி மனைவி கையில் கொடுத்தால் இருவருக்குமே சிக்கல்.
• வீடியோவில் வரும் 9 மி.மீ. குட்டி பிஸ்டல்கள் இந்தியாவில் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட வகை.
• வீட்டில் கைத்துப்பாக்கி இருந்தால் பெண்களுக்கு ஆபத்து கூடுகிறது என்கின்றன பெரிய ஆய்வுகள்.

அமெரிக்காவில் முடியும்போது இங்கே ஏன் முடியாது?

அமெரிக்க அரசியலமைப்பின் இரண்டாவது திருத்தம் 1791-ல் நிறைவேறியது. ஆயுதம் வைத்திருப்பதை அது குடிமக்களின் உரிமையாக்கியது. தற்காப்புக்காக வீட்டுக்கு வெளியேயும் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2022-ல் தீர்ப்பளித்தது.

நம்ம ஊர் கதை வேற. இந்திய அரசியலமைப்பில் அப்படி ஒரு உரிமையே இல்லை. 2023 பிப்ரவரியில், உரிமம் இல்லாத துப்பாக்கிகள் பெருகுவது பற்றி உச்ச நீதிமன்றம் கவலை தெரிவித்தபோதும் இந்த வித்தியாசத்தைச் சுட்டிக்காட்டியது. இங்கே எல்லாம் 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டம், அதன் கீழ் வந்த 2016-ம் ஆண்டின் ஆயுத விதிகள் ஆகிய இரண்டின்படிதான்.

இந்தக் கட்டுப்பாட்டின் வேர் ஆங்கிலேயர் காலத்தில் இருக்கிறது. 1878-ல் வந்த ஆயுதச் சட்டம் இந்தியர்களுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கிவிட்டு, ஐரோப்பியர்களுக்கு விலக்கு கொடுத்தது. அந்தச் சட்டம் நடப்பில் இருந்தபோதுதான் தூத்துக்குடி மாவட்டத்தின் மணியாச்சி ரயில் சந்திப்பு வரலாற்றில் இடம்பிடித்தது. 1911 ஜூன் 17-ம் தேதி திருநெல்வேலி கலெக்டர் ஆஷை அங்கே வாஞ்சிநாதன் சுட்டது ஒரு பிரவுனிங் பிஸ்டலால். சட்டைக்குள் மறைக்கும் அளவுதான் அந்த ஆயுதம். அப்போது ஆஷின் மனைவியும் அதே ரயில் பெட்டியில்தான் இருந்தார்.

கணவர் வாங்கி மனைவியிடம் கொடுத்தால் என்ன ஆகும்?

பலரும் சறுக்கும் இடம் இதுதான். டூவீலர் மாதிரி ஒருவர் பெயரில் வாங்கி இன்னொருவர் ஓட்டுகிற சமாச்சாரம் கிடையாது இது.

ஆயுதச் சட்டத்தின் 3-வது பிரிவுப்படி, உரிமம் இல்லாத ஒருவர் துப்பாக்கியை வாங்கவோ, வைத்திருக்கவோ, எடுத்துச் செல்லவோ கூடாது. கணவருக்கு உரிமம் இருக்கிறது என்பது மனைவிக்குப் பாதுகாப்பு தராது. ரிப்பேருக்கோ உரிமப் புதுப்பிப்புக்கோ கொண்டு போவது போன்ற சில வேலைகளுக்கு மட்டும், உரிமதாரரின் எழுத்துபூர்வ அனுமதியோடோ அவர் கூடவே இருக்கும்போதோ இன்னொருவர் எடுத்துச் செல்ல சட்டம் இடம் தருகிறது. கணவர் சிங்கப்பூர் துறைமுகத்தில் இருக்க, மனைவி அந்தத் துப்பாக்கியைப் பையில் வைத்துக்கொண்டு மார்க்கெட் போவது இதில் சேராது.

மாட்டினால் என்ன தண்டனை? 2019-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை, அபராதமும் உண்டு. தடை செய்யப்பட்ட வகை என்றால் 7 முதல் 14 ஆண்டு வரை. வாங்குபவருக்குத் தகுதி இருக்கிறதா என்று பார்க்காமல் ஆயுதத்தை இன்னொருவர் கையில் கொடுத்தால், கொடுத்தவருக்கும் 6 மாதம் வரை சிறை.

அதாவது பாதுகாக்க நினைத்த மனைவிக்குத்தான் பெரிய தண்டனை. அன்பளிப்பாகக் கொடுத்தேன் என்பது கோர்ட்டில் எடுபடாது. மனைவிக்கு உரிமம் இருந்தாலும்கூட, கணவர் தன் துப்பாக்கியை அவர் பெயருக்கு மாற்ற வேண்டும் என்றால் மாவட்ட நிர்வாகத்துக்கோ போலீஸுக்கோ முன்கூட்டியே தகவல் சொல்லியாக வேண்டும்.

அப்போ மனைவியே உரிமம் வாங்க முடியுமா?

முடியும். சட்டத்தில் ஆண், பெண் என்ற பாகுபாடு இல்லை. 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். சொந்தமாகச் சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக உரிமத்தை மறுக்கக் கூடாது என்று 14-வது பிரிவு தெளிவாகவே சொல்கிறது. பெயரில் வீடோ நிலமோ இல்லாத பெண்களுக்கு இது முக்கியமான வரி.

நடைமுறை இப்படி இருக்கும்:

விண்ணப்பம்: மத்திய உள்துறையின் ஆயுத உரிம இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். தூத்துக்குடி மாவட்டத்தில் உரிமம் தரும் அதிகாரம் மாவட்ட ஆட்சியரிடம். சென்னை போல போலீஸ் கமிஷனர் இருக்கும் மாநகரங்களில் கமிஷனரிடம்.

காரணம்: "பயமா இருக்கு" என்று எழுதினால் போதாது. தொழில், வேலை அல்லது வேறு காரணத்தால் உயிருக்கோ உடைமைக்கோ பாதுகாப்பு தேடவேண்டிய உண்மையான தேவை இருக்கிறது என்று காட்டணும். மிரட்டல் வந்திருந்தால், அதற்குக் கொடுத்த போலீஸ் புகார் இங்கே உதவும்.

போலீஸ் அறிக்கை: பக்கத்து காவல் நிலையம் மூலம் விசாரணை நடக்கும். வழக்குகள், அக்கம்பக்கத்தில் தகராறு, குடும்பச் சூழல் எல்லாம் பார்ப்பார்கள். 30 நாளில் அறிக்கை தரவேண்டும் என்பது விதி. நடைமுறையில் இழுக்கலாம்.

மருத்துவச் சான்று, பயிற்சி, பாதுகாப்பு: உடல்நலம், மனநலம் பற்றிய சான்று வேண்டும். ஆயுதத்தைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சியை 2016 விதிகள் வலியுறுத்துகின்றன. வீட்டில் பூட்டி வைக்க வசதி இருக்கிறது என்றும் உறுதி கொடுக்கணும்.

மறுத்தால்: காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். விண்ணப்பித்தவர் அதைக் கேட்டுப் பெறலாம், மேல்முறையீடும் செய்யலாம்.

உரிமம் கிடைத்தால் அது 5 ஆண்டுக்குச் செல்லும். 2019 திருத்தம் வரை இது 3 ஆண்டாக இருந்தது. ஒருவர் அதிகபட்சம் எத்தனை துப்பாக்கி வைத்திருக்கலாம் என்பதையும் அதே திருத்தம் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது.

பையில் மறைத்து எடுத்துச் செல்ல தனி அனுமதி வேண்டுமா?

அமெரிக்காவின் பல மாநிலங்களில், வெளியே தெரியாமல் துப்பாக்கி எடுத்துச் செல்வதற்கென்றே தனி அனுமதிச் சீட்டு உண்டு. இந்தியாவில் அப்படி ஒரு தனிப்பிரிவு இல்லை. சொல்லப்போனால் இங்கே நிலைமை தலைகீழ். 2016 விதிகளின்படி, பொது இடத்தில் கைத்துப்பாக்கியை அதற்கான உறையில் வைத்து முழுதாக மூடித்தான் எடுத்துச் செல்ல வேண்டும். வெளியே காட்டி மிரட்டுவது, வானத்தைப் பார்த்துச் சுடுவது இரண்டுமே குற்றம். கல்யாண வீட்டில் சுட்டுக் கொண்டாடினால் 2 ஆண்டு வரை சிறை என்று 2019 திருத்தம் தனியாகவே சேர்த்திருக்கிறது.

அந்த விதியில் இன்னொரு நிபந்தனையும் உண்டு. எடுத்துச் செல்பவரின் முழுக் கட்டுப்பாட்டில் துப்பாக்கி இருக்க வேண்டும். பஸ் சீட்டில் வைத்துவிட்டு மறக்கக்கூடிய, பறித்துக்கொண்டு ஓடக்கூடிய கைப்பை இந்த நிபந்தனையைத் தாங்குமா என்று யோசிக்கணும். பள்ளி, கல்லூரி வளாகம், திருவிழாக் கூட்டம் போன்ற இடங்களுக்கும் கொண்டு போக முடியாது. பனிமய மாதா பேராலயத் திருவிழாவுக்கும் திருச்செந்தூர் சூரசம்ஹாரத்துக்கும் போகும்போது துப்பாக்கி வீட்டில்தான் இருக்கணும்.

தேர்தல் அறிவிப்பு வந்தால், உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வருவதும் வழக்கம். சட்டமன்றம், நாடாளுமன்றம், உள்ளாட்சி என்று வரிசையாகத் தேர்தல் வரும்போது, வாங்கிய ஆயுதம் மாதக்கணக்கில் ஸ்டேஷனில் கிடக்கலாம்.

எந்தத் துப்பாக்கி கிடைக்கும்?

ஆங்கில வீடியோக்களில் பெண்களுக்கு என்று பரிந்துரைக்கப்படும் க்ளாக் 43, சிக் சாவர் பி365 போன்றவை 9 மி.மீ. தோட்டாவுக்கானவை. இந்தியாவில் 9 மி.மீ. பிஸ்டல் தடை செய்யப்பட்ட வகை. மாவட்ட ஆட்சியரால் அதற்கு உரிமம் தர முடியாது. மத்திய உள்துறைதான் தர முடியும், அதுவும் கடுமையான அச்சுறுத்தல் போன்ற விதிவிலக்கான சூழலில்.

சாமானியருக்குக் கிடைப்பது பெரும்பாலும் .32 ரிவால்வர், .32 பிஸ்டல், .22 வகைகள். இவற்றில் பெண்களுக்கு என்றே விளம்பரமாகி வந்தது ஒன்று: நிர்பீக்.

2014 ஜனவரியில் கான்பூரில் உள்ள அரசு படைக்கலத் தொழிற்சாலை இதை அறிமுகம் செய்தது. 2012 டெல்லி பேருந்துக் கொடூரத்தில் பலியான இளம்பெண்ணுக்கு ஊடகங்கள் வைத்த பெயர் நிர்பயா. நிர்பயா, நிர்பீக் இரண்டுக்குமே பொருள் அச்சமில்லாதவர். டைட்டானியம் கலந்த உலோகம், .32 அளவு, எடை சுமார் 500 கிராம், விலை அப்போதே சுமார் 1.22 லட்சம் ரூபாய். நகைப்பெட்டி மாதிரி ஒரு பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள்.

எதிர்ப்பும் உடனே வந்தது. மணிப்பூரில் துப்பாக்கி வன்முறையால் பாதிக்கப்பட்ட பெண்களுக்காக இயங்கும் பினாலட்சுமி நெப்ராம், இது நிர்பயாவின் நினைவையே அவமதிக்கும் செயல் என்று விமர்சித்தார். பெண்களைப் பாதுகாக்க வேண்டிய அரசு, லட்ச ரூபாய் கொடுத்து நீயே பாதுகாத்துக்கொள் என்று சொல்வதா என்பதுதான் அன்று எழுந்த விவாதம். உப்பளத்தில் தினக்கூலிக்குப் போகும் ஒரு பெண்ணுக்கு இந்த விலை எத்தனை மாதச் சம்பளம் என்று கணக்குப் போட்டாலே விவாதத்தின் பாதி புரிந்துவிடும்.

2021-ல் படைக்கலத் தொழிற்சாலைகள் ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டன. கான்பூர், திருச்சி தொழிற்சாலைகள் ஒரே நிறுவனத்தின் கீழ் வந்தன. அந்த நிறுவனம் 2023 ஆகஸ்டில் பிரபல் என்ற ரிவால்வரைக் கொண்டு வந்தது. எடை சுமார் 700 கிராம், 50 மீட்டர் வரை சுடலாம் என்று அறிவிக்கப்பட்டது. தோட்டா போடும் உருளை பக்கவாட்டில் திறக்கும்.

சின்னதாக இருந்தால் சுலபமா?

இங்கேதான் விளம்பரத்துக்கும் நிஜத்துக்கும் இடைவெளி. துப்பாக்கி எடை குறைய குறைய, சுடும்போது கை பின்னோக்கித் தள்ளப்படும் உதைப்பு கூடும். பிடி சின்னதாக இருந்தால் விரல் முழுதாகப் படியாது. குழல் குட்டையாக இருந்தால் குறி தவறுவதும் அதிகம். ரிவால்வரில் ஒவ்வொரு முறையும் விசையை நல்ல பலத்தோடு இழுக்க வேண்டியிருக்கும். அதாவது பையில் வைக்க வசதியான துப்பாக்கிதான் சுடுவதற்குக் கஷ்டமான துப்பாக்கி.

அதனால்தான், துப்பாக்கி சகஜமாகப் புழங்கும் அமெரிக்காவிலேயே பயிற்சியாளர்கள் சொல்லும் முதல் அறிவுரை: "மனைவிக்கு நீங்கள் தேர்ந்தெடுக்காதீர்கள்." எடுத்துச் செல்லப்போவது யாரோ, அவரே நாலைந்து வகைகளைச் சுட்டுப் பார்த்து முடிவு செய்யணும் என்கிறார்கள். இந்தியாவில் அந்த வாய்ப்பே குறைவு. தொடர்ந்து பயிற்சி எடுக்க துப்பாக்கி சுடும் மையம் வேண்டும். உரிமத்தில் எத்தனை தோட்டா என்று குறிப்பிட்டிருக்கிறதோ அவ்வளவுதான் வாங்க முடியும். அதோடு கடற்கரை ஊரில் உப்புக் காற்று. பீரோவில் வைத்து மறந்த இரும்பு என்ன கதி ஆகும் என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை.

நேரமும் ஒரு பிரச்சினை. 1983-ல் அமெரிக்க போலீஸ் பயிற்சியாளர் டென்னிஸ் டூலர் ஒரு கணக்கு சொன்னார். கத்தியோடு ஓடி வருபவர் 21 அடி தூரத்தைக் கடக்க ஆகும் நேரம் சுமார் ஒன்றரை வினாடி. இடுப்பு உறையில் இருந்து துப்பாக்கியை எடுக்க, பயிற்சி பெற்ற போலீஸ்காரருக்கே கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் ஆகும். ஜிப் போட்ட கைப்பையில் இருந்து என்றால்?

தென் மாவட்டங்களில் பழிவாங்கல் கொலைகளில் அதிகம் கேட்கும் பெயர் அரிவாள். அதுவும் பெரும்பாலும் பைக்கில் பக்கத்தில் வந்து, எதிர்பார்க்காத நொடியில். 2024 ஜூலை 5-ம் தேதி சென்னை பெரம்பூரில் பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் வெட்டிக் கொல்லப்பட்டார். அவருக்குத் துப்பாக்கி உரிமம் இருந்தது. தேர்தலுக்காக ஒப்படைத்த துப்பாக்கியை ஜூன் மாதமே திரும்ப வாங்கிவிட்டார் என்று போலீஸ் அப்போது தெரிவித்தது. அந்தத் துப்பாக்கியால் அவர் உயிரைக் காப்பாற்ற முடியவில்லை.

ஆபத்து எங்கிருந்து வருகிறது?

இந்தக் கேள்விக்கு வரும் பதில்தான் மற்ற எல்லாவற்றையும் விட முக்கியம். இருட்டில் பின்தொடரும் முகம் தெரியாத ஆள் என்ற பயத்தில்தான் துப்பாக்கி பற்றி யோசிக்கிறோம். புள்ளிவிவரம் வேறு பக்கம் கை காட்டுகிறது.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 அறிக்கையில், பெண்களுக்கு எதிராகப் பதிவான குற்றங்கள் 4,45,256. இதில் முதலிடம், கணவர் அல்லது அவரது உறவினர்கள் செய்த கொடுமை: 31.4 சதவீதம். பாலியல் வன்கொடுமை வழக்குகளிலும் 90 சதவீதத்துக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்ட பெண்ணுக்குத் தெரிந்தவர்தான். தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் சுமார் 38 சதவீதம் பேர் கணவரால் வன்முறையை அனுபவித்திருப்பதாக ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வு சொல்கிறது. இது நாட்டின் சராசரியை விட அதிகம்.

இந்த நிலையில் வீட்டுக்குள் ஒரு துப்பாக்கி வந்தால் அது யார் கைக்குப் போகும்?

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஒன்றே முக்கால் கோடி பேரின் விவரங்களை வைத்து நடந்த ஆய்வு 2022-ல் வெளியானது. சட்டப்படி கைத்துப்பாக்கி வைத்திருப்பவருடன் ஒரே வீட்டில் வாழ்பவர்கள் கொலை செய்யப்படும் விகிதம், துப்பாக்கி இல்லாத வீட்டில் வாழ்பவர்களை விட 2 மடங்குக்கும் அதிகம். கணவன், மனைவி அல்லது துணையால் சுட்டுக் கொல்லப்படும் விகிதம் 7 மடங்கு. அப்படிச் சுடப்பட்டவர்களில் 84 சதவீதம் பெண்கள். வாங்கியது பாதுகாப்புக்கு. சுடப்பட்டது வீட்டில் இருந்த பெண்.

அதே ஆய்வாளர்களின் 2020 ஆய்வு இன்னும் ஒரு விஷயத்தைச் சொன்னது. கைத்துப்பாக்கி வைத்திருக்கும் பெண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்ளும் விகிதம், துப்பாக்கி இல்லாத பெண்களை விட 35 மடங்கு. மன உளைச்சல் வந்து போகும். கையெட்டும் தூரத்தில் துப்பாக்கி இருந்தால், அந்தச் சில நிமிடங்கள் உயிரை எடுத்துவிடுகின்றன. கணவர் மாதக்கணக்கில் இல்லாத, தனிமை அழுத்தும் வீடுகள் இதைக் கண்டிப்பாக யோசிக்கணும்.

இது அமெரிக்கக் கணக்கு, இங்கே பொருந்துமா என்று கேட்கலாம். துப்பாக்கி எண்ணிக்கையிலும் சட்டத்திலும் இரண்டு நாடும் வேறு வேறுதான். ஆனால் குடும்பச் சண்டை, கோபம், குடி, மன அழுத்தம் இவையெல்லாம் இரண்டு ஊரிலும் ஒன்றுதான்.

எதிர்த்தரப்பு வாதத்திலும் நியாயம் இருக்கிறது. உடல் பலத்தில் குறைந்தவருக்குத் துப்பாக்கி ஒரு சமநிலை தரும் என்பார்கள். தொடர்ந்து கொலை மிரட்டல் வரும் பெண், வழக்கில் சாட்சி, பெரிய தொகையைக் கையாளும் தொழில் செய்பவர் ஆகியோருக்கு போலீஸ் எப்போதும் பக்கத்தில் இருக்க முடியாது. சட்டமே அவர்களுக்காக ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அந்தக் கதவு வழியாக உள்ளே போக வேண்டியது ஆபத்தில் இருக்கும் பெண். அவருக்காக இன்னொருவர் போக முடியாது.

வெளிநாட்டில் வாங்கிக் கொண்டு வந்தால்?

துறைமுக ஊர் என்பதால் இந்த யோசனை சிலருக்கு வரலாம். வேண்டவே வேண்டாம். ஆயுதத்தை நாட்டுக்குள் கொண்டு வருவதற்கே தனி உரிமம் வேண்டும் என்கிறது 10-வது பிரிவு.

இதே துறைமுகத்தில் நடந்த ஒரு வழக்கு நினைவிருக்கலாம். 2013 அக்டோபரில் சீமேன் கார்டு ஓஹியோ என்ற கப்பலைக் கடலோரக் காவல் படை மடக்கி தூத்துக்குடிக்குக் கொண்டு வந்தது. கடற்கொள்ளையரிடமிருந்து வணிகக் கப்பல்களைப் பாதுகாக்கும் அமெரிக்க நிறுவனம் ஒன்றின் கப்பல் அது. 25 காவலர்கள், 10 ஊழியர்கள், 35 துப்பாக்கிகள், ஆயிரக்கணக்கான தோட்டாக்கள். பாதுகாப்புக்காகத்தான் ஆயுதம் வைத்திருந்தோம் என்பது அவர்கள் வாதம். தூத்துக்குடி நீதிமன்றம் 2016 ஜனவரியில் 35 பேருக்கும் தலா 5 ஆண்டு சிறை விதித்தது. 2017 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அவர்களை விடுவித்தது. விடுதலை கிடைத்தது உண்மை. ஆனால் இடையில் போனது நான்கு ஆண்டு. ஒரு பெரிய நிறுவனத்தின் கப்பலுக்கே இந்தப் பாடு என்றால், பெட்டியில் ஒரு பிஸ்டலை மறைத்துக் கொண்டு வரும் மாலுமியின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

தற்காப்புக்குச் சுட்டால் குற்றமா?

2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா, தற்காப்பு உரிமையை அப்படியே வைத்திருக்கிறது. 38-வது பிரிவுப்படி, உயிர் போகும் அச்சம், பாலியல் வன்கொடுமை, கடத்தல், ஆசிட் வீச்சு போன்ற தாக்குதலில் தன்னைக் காக்கும்போது தாக்குபவர் இறந்தாலும் அது குற்றமாகாது. ஆனால் தேவைக்கு மேல் பலத்தைப் பயன்படுத்தக் கூடாது என்ற 37-வது பிரிவும் கூடவே இருக்கிறது. நகையைப் பறித்துவிட்டு ஓடுபவரின் முதுகில் சுட்டால் அதைத் தற்காப்பு என்று நிரூபிப்பது ரொம்பக் கஷ்டம்.

துப்பாக்கி இல்லாமல் என்ன செய்யலாம்?

மிளகு ஸ்ப்ரே: உரிமம் தேவையில்லை. சில நூறு ரூபாய்தான். ஆனால் இதுவும் விளையாட்டுப் பொருள் கிடையாது. உயிருக்கு ஆபத்து இல்லாத ஒரு தகராறில் இதை அடித்தது தொடர்பான வழக்கை ரத்து செய்ய கர்நாடக உயர் நீதிமன்றம் 2024-ல் மறுத்துவிட்டது. விமானத்தில் கைப்பையில் கொண்டு போக முடியாது.

அவசர எண்கள்: எந்த அவசரத்துக்கும் 112. பெண்களுக்கான உதவி எண் 181. கடலோரப் பாதுகாப்பு தொடர்பான தகவலுக்கு 1093. தமிழ்நாடு காவல்துறையின் அவசர உதவிச் செயலியில் பட்டனை அழுத்தினால் இருக்கும் இடம் போலீஸுக்குப் போய்விடும்.

மிரட்டல் வந்தால்: வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். பின்னால் உரிமம் கேட்பதாக இருந்தாலும் இந்தக் காகிதம்தான் பேசும்.

ஆபத்து வீட்டுக்குள் என்றால்: 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் மாவட்ட பாதுகாப்பு அலுவலரை அணுகலாம். நீதிமன்றம் பாதுகாப்பு ஆணை தரும். வன்முறை செய்பவரிடம் உரிமத்துப்பாக்கி இருந்தால், அதைக் குறிப்பிட்டு ஆட்சியருக்கும் எஸ்.பி.க்கும் மனு கொடுங்கள். உரிமத்தை நிறுத்தி வைக்கவும் ரத்து செய்யவும் 17-வது பிரிவில் அதிகாரம் இருக்கிறது.

மன உளைச்சல் என்றால்: 14416 அல்லது 104 எண்ணில் எந்த நேரத்திலும் பேசலாம்.

கடைசியாக ஒரு விஷயம்

துப்பாக்கிச் சத்தம் என்றால் என்ன என்று தூத்துக்குடிக்குத் தெரியும். 2018 மே மாதம் ஸ்டெர்லைட் போராட்டத்தின்போது நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேரை இழந்த ஊர் இது.

மனைவி பத்திரமாக இருக்கணும் என்று கடலுக்கு நடுவில் இருந்து ஒருவர் கவலைப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் எந்த மாடல் என்று தேடுவதற்கு முன்னால் அவரிடமே கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. உனக்கு எங்கே பயமாக இருக்கிறது? யாரைப் பார்த்து? எந்த நேரத்தில்?

தெருவிளக்கு இல்லாத உப்பளச் சாலை என்று பதில் வந்தால், மனு போக வேண்டியது மாநகராட்சிக்கோ ஊராட்சிக்கோ. பின்தொடரும் பக்கத்துத் தெரு ஆள் என்றால், போலீஸுக்கு. வீட்டுக்குள்ளேயே ஒருவர் என்றால், 181-க்கு. உயிருக்கு உண்மையான மிரட்டல் என்றால், ஆட்சியர் அலுவலகத்துக்கு. அந்த விண்ணப்பத்தில் இருக்க வேண்டியது அவர் பெயர், அவர் கையெழுத்து, அவர் முடிவு.